‘சென்சார் போயிடுச்சு சார்!’

தமிழ்நாட்டில் பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கும் எவரும் ஒரு முறையாவது கேட்டிருக்கக்கூடிய வசனம் இது. வண்டி இழுக்கவில்லையா? சென்சார். சிக்னலில் நின்றால் இன்ஜின் ஆஃப் ஆகிறதா? சென்சார். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் யோசித்து, குலுங்கி, அப்புறம்தான் கிளம்புகிறதா? சந்தேகமே வேண்டாம், சென்சார்தான்! எந்த சென்சார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அப்படிக் கேட்பவர் ‘ரொம்பப் பேசுற பார்ட்டி’ ஆகிவிடுவார்.

ஒரு காலத்தில் புரியாத நோய்க்கெல்லாம் ‘காத்து கருப்பு’ என்று பெயர் வைத்தார்கள். இப்போது புரியாத கோளாறுக்கெல்லாம் சென்சார் என்று பெயர். ஒரே ஒரு வித்தியாசம்... காத்து கருப்புக்கு வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் போதும். சென்சாருக்கு ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்க வேண்டும் :-)

கோளாறு என்னவென்று கண்டுபிடிக்காமல் பாகத்தை மாற்றிப் பார்ப்பதற்கு ரிப்பேர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது சூதாட்டம். அதிலும் ஒருவர் காசில் இன்னொருவர் ஆடும் சூதாட்டம். இதில் மெக்கானிக் மட்டும் குற்றவாளி இல்லை. கார்க்காரருக்கும் பங்கு உண்டு, கார் கம்பெனிக்கும் பங்கு உண்டு. ஒவ்வொருவராகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு கதை. சின்னச் சின்ன மாற்றங்களோடு இது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். இருபது வயது தாண்டிய சின்ன எம்பிஎஃப்ஐ கார். மாதம் நான்கு முறை ஆஸ்பத்திரி, இரண்டு முறை கோயில், அவ்வளவுதான் ஓட்டம். திடீரென்று வண்டி சிக்னலில் நின்றால் ஐடிலிங் இறங்கி, உதறி, ஆஃப் ஆக ஆரம்பித்தது. சாவி போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகும். ஃபர்ஸ்ட் கியரில் கிளப்பினால் ஒரு ஜெர்க்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், இரண்டு முறை ரேஸ் கொடுத்தார், தீர்ப்பு சொல்லிவிட்டார். த்ராட்டில் சென்சார் மாற்றப்பட்டது. குணம் தெரியவில்லை. ‘அப்ப ஆக்சிஜன் சென்சாரா இருக்கும் சார்.’ அதுவும் மாற்றப்பட்டது. ம்ஹும். மூன்றாவதாக டேங்கில் இருக்கும் பெட்ரோல் பம்ப். ஆச்சரியம்! வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. பன்னிரண்டு நாள். பதிமூன்றாம் நாள் மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் லாரி வரும்போது, நின்றுவிட்டது.

‘ஈசிஎம் போயிருக்கும் சார். பேசாம வண்டியைக் குடுத்துடுங்க.’

அதற்குள் வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு செலவாகியிருந்தது. கடைசியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனார். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேட்டது ஒரு கேள்வி.

"எப்ப சார் நிக்குது?"

"சாயங்காலம்தான் தம்பி ஜாஸ்தி. சிக்னல்ல."

"ஹெட்லைட் போட்டிருந்தீங்களா? ரேடியேட்டர் ஃபேன் சத்தம் கேட்டுச்சா?"

ஆசிரியர் யோசித்தார். ஆமாம், ஃபேன் ஓட ஆரம்பித்த பிறகுதான் நிற்கும். இதை அவரிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை. எலக்ட்ரீஷியன் இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டு, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை பாடியிலும் வைத்தார். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை வோல்ட். பேட்டரியின் எர்த் வயர் பாடியோடு சேரும் போல்ட் பச்சை பூத்துக் கிடந்தது. ஃபேனும் லைட்டும் கரண்டை இழுத்ததும் பம்புக்குப் போகும் வோல்டேஜ் படுத்துவிடுகிறது. பம்ப் சோர்ந்தால் இன்ஜின் சோர்கிறது. உப்புத்தாள், ஒரு புது லக், அரை மணி நேரம். முடிந்தது.

அப்படியானால் பம்ப் மாற்றியபோது பன்னிரண்டு நாள் எப்படி நன்றாக ஓடியது? பம்பைக் கழற்றும் முன் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினார்கள். அந்த ஆட்டலில் எர்த் போல்ட் தற்காலிகமாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. பெயர் பம்புக்கு, காசு பம்புக்கு!

பாகத்தை மாற்றிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சாகாமல் இருக்க இதுதான் காரணம். அது சில சமயம் ‘வேலை செய்கிறது’. புதுப் பாகம் மாட்டும்போது கனெக்டர் கழற்றி மாட்டப்படுகிறது, ஹோஸ் அசைகிறது, பேட்டரி கட் ஆவதால் ஈசிஎம் கற்றுவைத்த அளவுகள் அழிந்து புதிதாகத் தொடங்குகிறது. நான்கு நாள் நன்றாக ஓடும். நோயாளி பிழைத்தால் மருந்தால், செத்தால் விதியால் என்கிற கணக்கு.

சரி, இந்த நிலைமை எங்கிருந்து வந்தது?

கார்புரேட்டர் காலத்தில் மெக்கானிக்கின் காதே மீட்டர். ஐடிலிங் ஸ்க்ரூவை ஒரு சுற்று, ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று, ஜெட்டை ஊதி ஒரு சுத்தம். உண்மையிலேயே அது பெரிய கலை. அதைப் பழிக்க யாருக்கும் தகுதியில்லை. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துப் புது கார்களுக்கு யூரோ விதிகளைக் கட்டாயமாக்கியது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கார்புரேட்டர் கார்கள் ஷோரூமை விட்டு வெளியேறின. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ எம்பிஎஃப்ஐயோடுதான் வந்தது. மாருதி 800-ம் மாறியது. காதில் கேட்டு ஸ்க்ரூ திருகிய மெக்கானிக் முன்னால் ஒரு மூடிய அலுமினியப் பெட்டியை வைத்தார்கள். அதை எப்படிப் படிப்பது என்று தெருவோரக் கடைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் அந்தப் பெட்டி செய்யும் வேலை மந்திரம் இல்லை. இன்ஜினுக்கு அன்றும் இன்றும் மூன்றே தேவை. பெட்ரோல், காற்று, நெருப்புப் பொறி. எவ்வளவு காற்று உள்ளே போகிறது, இன்ஜின் எவ்வளவு சூடு, ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்று சென்சார்கள் சொல்கின்றன. அதை வைத்து இன்ஜெக்டரை எத்தனை மில்லி செகண்ட் திறப்பது என்று ஈசிஎம் கணக்குப் போடுகிறது. கணக்கு தப்பினால் வண்டி திணறும். எங்கே தப்பியது என்பதை அளந்து பார்க்கலாம். கார்புரேட்டரில் அளக்க முடியாத பல விஷயங்கள் இதில் வோல்ட்டாகவும் ஓமாகவும் வெளியே கிடக்கின்றன. அதாவது கண்டுபிடிப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. இந்தக் காலத்தில் போய் ஊகத்தில் வைத்தியம் பார்ப்பதுதான் கொடுமை!

எப்போது திணறுகிறது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்:

1. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நிற்கிறதா? த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம், ஐடிலிங்குக்குக் காற்று விடும் வால்வு சிக்கியிருக்கலாம். முதல் வைத்தியம் சுத்தம் செய்வது. ஒரு டின் கிளீனர் விலை. சென்சார் விலை இல்லை.

2. சட்டென்று மிதித்தால் மட்டும் தயங்குகிறதா? த்ராட்டில் சென்சாரின் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பழைய வண்டிகளில் மூடியிருக்கும்போது அரை வோல்ட் அளவிலும், முழுக்கத் திறந்தால் நான்கு வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். நடுவில் சீராக ஏற வேண்டும். பழைய முள் மீட்டர் இதற்கு ரொம்ப நல்லது. முள் துள்ளினால் சென்சார் தேய்ந்துவிட்டது. அப்போது தாராளமாக மாற்றலாம், யாரும் தடுக்கவில்லை.

3. ஏற்றத்தில், முழு வேகத்தில் மூச்சு வாங்குகிறதா? பெட்ரோல் பிரஷரை அளக்க வேண்டும். இந்த வகை வண்டிகளில் சாதாரணமாக இரண்டரையிலிருந்து 3 கிலோவரை இருக்கும். சரியான அளவு அந்த வண்டியின் மேனுவலில் உண்டு. ரேஸ் கொடுக்கும்போது முள் விழுந்தால் ஃபில்டர், பம்ப், பம்புக்குப் போகும் வயர் என்று அந்த வரிசையில் தேட வேண்டும். நேரே பம்பை மாற்றக் கூடாது.

4. அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு நின்று, ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறதா? கிராங்க் சென்சாரும் இக்னிஷன் காயிலும் இப்படிச் சூட்டில் மட்டும் சாகக்கூடியவை. நின்ற அதே நிமிடத்தில் ஸ்பார்க் இருக்கிறதா, பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். ஒர்க் ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு வந்து, டீ குடித்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

5. காலையில் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் தகராறா? கூலன்ட் வெப்ப சென்சாரை ஓம் மீட்டரில் பார்க்கலாம். பல வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் காட்டும். வெந்நீர் பாத்திரமும் மீட்டரும் போதும். பிளஸ் டூ பிசிக்ஸ் லேப் சமாச்சாரம்.

6. ஐடிலிங் ஏறி இறங்கி ஆடுகிறதா, ‘உஸ்’ என்று சத்தம் வருகிறதா? வேக்குவம் ஹோஸ் எங்கோ வெடித்திருக்கும். இருபது வருட வெயிலில் ரப்பர் வெடிக்காமல் என்ன செய்யும்?

இந்த ஆறில் எத்தனை இடத்தில் சென்சார் உண்மையிலேயே குற்றவாளி என்று எண்ணிப் பாருங்கள்.

உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். ‘ஸ்கேனர் போட்டுப் பார்த்தோமே, அதுவே ஆக்சிஜன் சென்சார்னு காட்டுச்சே?’ இங்கேதான் பெரிய ஏமாற்று நடக்கிறது. அது பாதி தெரியாமல் நடக்கும் ஏமாற்று. ஸ்கேனர் பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. எந்த சர்க்யூட்டில், எந்த அளவில் வித்தியாசம் தெரிகிறது என்று மட்டுமே சொல்கிறது. பி0171 என்ற கோடுக்கு அர்த்தம், கலவையில் பெட்ரோல் குறைவு. வேக்குவம் ஹோஸ் வெடித்துக் கூடுதல் காற்று உள்ளே போனால் ஆக்சிஜன் சென்சார் அதைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொல்கிறது. உடனே அந்த சென்சாரையே கழற்றி எறிகிறார்கள்! வீட்டில் புகை வருகிறது என்று கத்திய காவல்காரனை வேலையை விட்டுத் துரத்துவது மாதிரி.

அதற்கும் முந்தைய வண்டிகளில் ஸ்கேனர்கூட வேண்டாம். இந்தியாவில் ஓபிடி கட்டாயமானதே 2010-ல் பாரத் ஸ்டேஜ் 4-உடன்தான். அதன் இரண்டாம் கட்டம் 2013-ல் வந்தது. ஆனால் சுசுகி வழி வந்த பழைய எம்பிஎஃப்ஐ வண்டிகள் பலவற்றில் டயக்னாஸிஸ் கப்ளரின் இரண்டு பின்களை ஒரு துண்டு வயரால் இணைத்தால் செக் இன்ஜின் லைட் கண் சிமிட்டும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12, அதாவது கோளாறு எதுவும் பதிவாகவில்லை. மற்ற எண்களுக்கு மேனுவலில் அர்த்தம் இருக்கிறது. காசே இல்லாத சோதனை. ஆசிரியரின் வண்டிபோல வயரிங் கோளாறாக இருந்தால் கோடு எதுவும் பதிவாகாமலே போகலாம். ‘கோடு இல்லை’ என்பதும் ஒரு துப்புதான்.

இப்போது காத்து கருப்புக்கு இன்னொரு புதுப் பெயரும் வந்திருக்கிறது. எத்தனால்!

2022-ல் பெட்ரோலில் 10 சதவீதத்தை எட்டிய எத்தனால் 2025-ல் 20 சதவீதமாகிவிட்டது. பழைய வண்டிகளுக்கு இதனால் பாதிப்பே இல்லை என்று சொல்வது பச்சைப் பொய். எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். ஈசிஎம் அதை ஓரளவுதான் ஈடுகட்டும். பழைய ரப்பர் ஹோஸையும் சீலையும் அது சோதிக்கும். தண்ணீரை இழுக்கும். பழைய டேங்கின் அழுக்கைக் கிளப்பி ஃபில்டரில் கொண்டுவந்து சேர்க்கும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதத்துக்கு டியூன் செய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக்கின் அறிக்கையே சொன்னது. இந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் அதற்காக எர்த் போல்ட் துருப்பிடித்ததற்கும் எத்தனால்தான் காரணம் என்றால் எப்படி? இதையும் அளக்கலாம். 100 மில்லி அளவுக்குடுவையில் 10 மில்லி தண்ணீர், மேலே 100 கோடுவரை பெட்ரோல். குலுக்கி வைத்தால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். 20 சதவீதம் என்றால் கீழ்மட்டம் ஏறக்குறைய 28-ல் நிற்கும். அதைவிட அதிகமாக ஏறினால் பங்க்கில் போய்ச் சண்டை போடலாம், கையில் ஆதாரத்தோடு. அளக்காமல் போடும் சண்டை வெறும் புலம்பல்.

அடுத்து, கார்க்காரர்கள். இவர்களைத்தான் யாரும் திட்டுவதில்லை.

ஒரு மெக்கானிக் இரண்டு மணி நேரம் மீட்டரோடு குனிந்து, எர்த் வயரைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்து, 800 ரூபாய் கேட்டால் என்ன நடக்கும்? ‘ஒரு வயரைச் சுரண்டினதுக்கு எண்ணூறா?!’ என்று ஊரைக் கூட்டுவார்கள். அதே ஆள் பத்து நிமிடத்தில் ஒரு சென்சாரை மாட்டி, காலி டப்பாவைக் காட்டி 4,000 ரூபாய் கேட்டால் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுப்பார்கள். டப்பாவுக்குக் காசு உண்டு, மூளைக்குக் காசு கிடையாது. டாக்டரிடம் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நினைக்கும் அதே மனசு. இப்படிப்பட்ட ஊரில் எந்த மெக்கானிக் மீட்டர் வாங்குவார்? நேர்மையாகத் தேடுகிறவர் பட்டினி, டப்பா விற்கிறவர் சுபிட்சம் என்று ஏற்பாடு செய்துவிட்டு, அப்புறம் ‘மெக்கானிக் எல்லாம் ஏமாத்துறான்’ என்று அங்கலாய்ப்பதில் அர்த்தம் இல்லை.

மெக்கானிக் தரப்பில் இன்னொரு நியாயமும் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு வண்டியின் பாகத்தை மாட்டிப் பார்த்துக் கழற்றுவதும் ஒரு சோதனைதான். சில கோளாறுகளை அப்படித்தான் உறுதி செய்ய முடியும். தப்பே இல்லை. ஆனால் அந்தச் சோதனையின் செலவைக் கார்க்காரர் தலையில் கட்டி, சரியாகாவிட்டாலும் ‘எலக்ட்ரிக்கல் அயிட்டம், ரிட்டர்ன் கிடையாது’ என்பதுதான் தப்பு.

மூன்றாவது, கார் கம்பெனிகள். உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் தொழில்நுட்பத் தகவல்களையும் வெளி ஒர்க் ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிறகு மேல்முறையீடு, வழக்கு என்று விஷயம் நீண்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு, டீலருக்குக் கொடுக்கும் ரிப்பேர் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்காக மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. அதில் ஆட்டோமொபைல் துறையும் உண்டு. நல்லது. ஆனால் தெருமுனை மெக்கானிக்குக்குத் தேவை அவர் கையில் இருக்கும் இருபது வருட வண்டியின் வயரிங் டயக்ராம், அவர் படிக்கக்கூடிய தமிழில். புதுப்பேட்டையில் பழைய ஈசிஎம் கிடைத்துவிடுகிறது. அதைப் படிக்கும் தாள் கிடைப்பதில்லை!

இதெல்லாம் ஒரு ஓட்டைக் கார் விஷயம்தானே, இதற்கு இவ்வளவு ஆவேசமா என்று தோன்றலாம். ஓடும்போது இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் தாங்கும், அதற்குமேல் பிரேக்கும் கட்டைதான். பின்னால் வரும் லாரிக்கு இது தெரியாது. பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் அதை ஆசைக்கு வைத்திருக்கவில்லை. புதுசு வாங்க வழியில்லாமல் வைத்திருக்கிறார்கள். முதல் கார் வாங்கிய குடும்பம், டியாலிசிஸுக்குப் போய்வரும் பெரியவர், வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர். இவர்களிடம் மூன்று தவறான பாகத்துக்குக் காசை வாங்கிவிட்டு, கோளாறை அப்படியே விட்டு மேம்பாலத்தில் ஏற்றி அனுப்புவது சின்ன விஷயம் இல்லை.

செய்ய வேண்டியது ஒன்றும் பிரமாதம் இல்லை. கார்க்காரர், வண்டி எப்போது திணறியது, சூடாக இருந்ததா, ஏசி ஓடியதா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்று ஒரு வாரம் குறித்து வைக்கலாம். பாகம் மாற்றச் சொன்னால் ‘எதை அளந்து முடிவு செஞ்சீங்க அண்ணே?’ என்று மரியாதையாகக் கேட்கலாம். கழற்றிய பழைய பாகத்தை வாங்கிக்கொள்ளலாம். மெக்கானிக், சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்ட்டிமீட்டரும் ஒரு பெட்ரோல் பிரஷர் கேஜும் வாங்கி, ‘கோளாறு கண்டுபிடிக்கக் கட்டணம் தனி’ என்று கடை வாசலில் போர்டு மாட்டலாம். அந்த போர்டைப் பார்த்துக் கார்க்காரர் ஓடாமல் இருந்தால், நான்காயிரம் மிச்சம்.

ஆசிரியர் அந்த எலக்ட்ரீஷியனுக்கு அவர் கேட்டதைவிட அதிகம் கொடுத்தார். வயரைச் சுரண்டியதற்கு இல்லை, ‘எப்ப சார் நிக்குது?’ என்று கேட்டதற்கு.

டிஸ்கி: பெட்ரோல் சம்பந்தப்பட்ட எந்தச் சோதனையும் திறந்தவெளியில், சூடான இன்ஜினுக்கும் நெருப்புக்கும் தள்ளி, தெரிந்தவர் துணையோடு மட்டும். பெட்ரோல் லைனில் பிரஷர் இருக்கும், சும்மா கழற்றினால் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். கண்டுபிடிக்கத்தான் சொல்லியிருக்கிறது, கொளுத்தச் சொல்லவில்லை :-)